சொந்தமா நடத்துற மார்க்கெட்டிங் ஏஜென்சி, ஆளுங்க மேல எங்க காசு போடணும்?

கேட்டிருக்குற கேள்வி இதுதான்: பதினாலு பேர் வேலை செய்யுற ஒரு மார்க்கெட்டிங் ஏஜென்சி, எந்தப் பெரிய குரூப்போடயும் சேராம சொந்தமா நடக்குது, ரெண்டு வருஷம் கத்துக்கொடுத்து ஆளாக்குன பசங்கல்லாம் சம்பளம் அதிகம்னு பெரிய எடத்துக்குப் போயிடுறாங்க, அப்படி இருக்கப்ப ஆளுங்க மேல எதுக்கு காசு போடணும், போட்டாலும் எதுல போடணும்? சின்ன ஏஜென்சிங்களோட கணக்கயும் டீமயும் கூட உக்காந்து பாக்குறதுதான் என் வேலை, ரொம்ப காலமா அதுலதான் இருக்கேன், அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன்.

முதல்ல பதிலச் சொல்லிடுறேன், காரணம் பின்னாடி வரும். ஆளுங்க மேல முதலீடுன்னா ட்ரெயினிங் கோர்ஸு, டீம் டூரு, ஆஃபீஸ் அலங்காரம்னுதான் நெறய பேர் நெனச்சுக்குறாங்க. என்னப் பொறுத்தவரைக்கும் அது ஒண்ணே ஒண்ணுதான்: உங்க ஆளுங்களோட நேரத்துல ஒரு பங்க கிளையன்ட்டுக்கு விக்காம நீங்களே வாங்கி வெச்சுக்குறது. அந்த நேரத்துலதான் சீனியர் ஜூனியர் பக்கத்துல உக்காருவாங்க, போன மாச வேலைல என்ன சொதப்புச்சுன்னு நிதானமா பாப்பாங்க, யாரும் கேக்காத ஒரு ஐடியாவ ஒருத்தர் முயற்சி பண்ணிப் பாப்பாரு. பெரிய குரூப்புக்கு இது ரொம்ப கஷ்டம், ஏன்னா அவங்க மூணு மாசத்துக்கு ஒருதடவ ஷேர் வெச்சிருக்குறவங்களுக்கு கணக்கு காட்டியாகணும், லாபம் கொஞ்சம் கொறஞ்சாலும் முதல்ல கை வைக்கிறது ஆளுங்க மேலதான். உங்களுக்கு அந்த நெருக்கடி கிடையாது. தனியா இருக்குறதுல கெடைக்குற பெரிய வசதியே அதுதான், ஆனா நான் பாத்த சின்ன ஏஜென்சிங்கள்ல பாதிக்கு மேல அந்த வசதியக் கையில வெச்சுக்கிட்டே பெரிய குரூப் மாதிரி நடந்துக்குறாங்க.

பெரிய எடத்துல என்ன நடக்கும்ங்குறதுக்கு ஒரு உதாரணம் சொல்றேன். 1949ல நியூயார்க்ல டிடிபின்னு (DDB) ஒரு விளம்பர ஏஜென்சி ஆரம்பிச்சாங்க, பில் பெர்ன்பாக் அதுல ஒரு பார்ட்னர். அதுவரைக்கும் வழக்கம் என்னன்னா காப்பிரைட்டர், அதாவது விளம்பர வாசகம் எழுதுறவரு, எழுதி முடிச்சு பேப்பர ஆர்ட் டிபார்ட்மென்ட்டுக்கு அனுப்பிடுவாரு, அங்க ஒருத்தர் அதுக்கு ஏத்த மாதிரி படம் வெச்சு லேஅவுட் போடுவாரு, ரெண்டு பேரும் முகம் பாத்துக்குறதே அபூர்வம். பெர்ன்பாக் எழுதுறவரையும் வரையுறவரையும் ஜோடியா ஒண்ணா உக்கார வெச்சாரு, ரெண்டு பேர் பேசிக்குறதுலதான் ஐடியா வரணும்னு. 1959ல ஃபோக்ஸ்வேகன் பீட்டில் காருக்கு வந்து பேர் வாங்குன விளம்பரங்கள்லாம் அப்படி ஒரு ஜோடி சேந்து செஞ்சதுதான், இன்னிக்கு உலகம் பூரா ஏஜென்சிங்கள்ல காப்பியும் ஆர்ட்டும் ஜோடியா வேலை செய்யுதுன்னா அதோட வேர் அங்க இருக்கு. இதுக்கு அவரு பெருசா காசு எதுவும் கொட்டல, யார் யார் கூட உக்காரணும்னு எடுத்த முடிவுதான் அது. அந்த டிடிபி 1986ல, பல ஏஜென்சிங்கள கையில வெச்சிருக்குற ஆம்னிகாம் குரூப்புக்குள்ள போச்சு. 2024 டிசம்பர்ல ஆம்னிகாம் இன்னொரு பெரிய குரூப்பான இன்டர்பப்ளிக்க வாங்கப்போறதா அறிவிச்சு 2025 நவம்பர்ல வாங்கியும் முடிச்சாங்க, முடிச்ச கையோட ஏறக்குறைய 4000 வேலைங்க போகும்னும் டிடிபிங்குற பேரே இனி இருக்காதுன்னும் சொல்லிட்டாங்க. அங்க வேலை செஞ்சவங்க தெறமைல கொறைஞ்சு போனதால நடந்தது இல்ல இது, கணக்குப் புத்தகத்துல ரெண்டு குரூப் ஒண்ணா சேந்ததால நடந்தது.

இதுக்கு நேர் எதிரா இன்னொரு ஏஜென்சி இருக்கு, வைடன் அண்ட் கென்னடி. 1982 ஏப்ரல்ல அமெரிக்காவுல போர்ட்லேண்ட்ங்குற ஊர்ல, விளம்பரத் தொழிலோட தலைநகரமான நியூயார்க்ல இருந்து ரொம்ப தள்ளி ஆரம்பிச்சது, முதல்ல இருந்தே நைக்கி கிளையன்ட், 1988ல வந்த 'ஜஸ்ட் டூ இட்' அவங்க எழுதுனதுதான். வாங்க எத்தனையோ பேர் வந்திருப்பாங்க, ஆனா டான் வைடன் கம்பெனியோட ஷேர ஒரு டிரஸ்ட்ல போட்டு இத யாருக்கும் விக்கவே முடியாதுன்னு கட்டிட்டாரு. அவரு 2022ல இறந்துட்டாரு, ஏஜென்சி இன்னும் தனியாதான் நிக்குது. அங்க வேலைக்குச் சேர்ற ஒரு பொண்ணுக்கோ பையனுக்கோ இதுக்கு என்ன அர்த்தம்னு யோசிச்சுப் பாருங்க, 'மொதலாளி நம்மள உருவாக்கி எவன்கிட்டயோ வித்துட்டு போயிடுவாரோ'ங்குற பயம் கிடையாது. நீங்க உடனே டிரஸ்ட் எல்லாம் போட வேண்டாம், ஆனா 'நீங்க அஞ்சு வருஷத்துல வித்துடுவீங்களா?'ன்னு உங்க டீம்ல ஒருத்தர் கேட்டா உண்மையான பதில் ஒண்ணு உங்ககிட்ட இருக்கணும், விக்கிற எண்ணம் இருந்தா அதுல அவங்களுக்கு என்ன பங்குங்குறதும் சேத்து.

சரி, கணக்குக்கு வர்றேன், ஏன்னா 'ஆளுங்கதான் எங்க சொத்து'ன்னு எல்லா ஏஜென்சி வெப்சைட்லயும் எழுதியிருக்கு, கணக்குல மட்டும் அது எங்கயும் இருக்காது.

முதல்ல உங்க வருமானம் எவ்வளவுங்குறத ஒழுங்கா எழுதுங்க. கிளையன்ட் 100 அனுப்புறாரு, அதுல 70 கூகுளுக்கும் மெட்டாவுக்கும் விளம்பரச் செலவா போயிடுதுன்னா உங்க வருமானம் 30 மட்டும்தான். இத 100ன்னு எழுதிக்கிட்டு அத நம்பி ஆள் எடுத்து, ஆறு மாசத்துல அதே ஆளுங்கள வெளிய அனுப்புன எடங்கள நான் பாத்திருக்கேன், அது மாதிரி மனசு கஷ்டப்படுற விஷயம் இந்தத் தொழில்ல வேற கிடையாது. வெளிய போற காசெல்லாம் கழிச்சு மீதி நிக்கிறது எதுவோ அத 100ன்னு வெச்சுக்குங்க. அந்த 100ல சம்பளத்துக்கு 50ல இருந்து 55, வாடகை, சாஃப்ட்வேர் மாதிரி ஓவர்ஹெட்டுக்கு 25க்குள்ள, லாபம் 20ங்குறது ஏஜென்சி கணக்கு பாக்குறவங்க ரொம்ப நாளா சொல்ற அளவு. இதுல உங்க சம்பளத்தயும் சேக்கணும், மொதலாளி சம்பளம் எடுக்காம லாபம் காட்டுறது லாபமே இல்ல.

இப்ப ஒரு ஆளோட வருஷத்த எடுத்துக்குவோம். வாரம் 40 மணி நேரம், 52 வாரம், 2080 மணி நேரம். லீவு, விடுமுறை, உடம்பு சரியில்லாத நாள் எல்லாம் போனா சுமாரா 1800 மிஞ்சும். வாரத்துல ரெண்டு மணி நேரம் கத்துக்குறதுக்கும் கத்துக்கொடுக்குறதுக்கும் ஒதுக்குறீங்கன்னா, லீவு போக வேலை செய்யுற 45 வாரத்துக்கு 90 மணி நேரம், அதாவது 5 சதவீதம். சம்பளச் செலவு 55ன்னா அதுல 5 சதவீதம் 2.75. பதினாலு பேருக்கும் சேத்து இதுதான் மொத்தச் செலவு. இன்னொரு பக்கம் பாருங்க, ஒரு ஆளோட சராசரி சம்பளச் செலவு 55ஐ 14ஆல வகுத்தா கிட்டத்தட்ட 4 வருது. ஒருத்தர் வேலைய விட்டுப் போனா அவர் எடத்துல இன்னொருத்தரக் கொண்டு வந்து நிறுத்துறதுக்கு அவரோட வருஷ சம்பளத்துல பாதில இருந்து ரெண்டு மடங்கு வரைக்கும் செலவாகும்னு கருத்துக்கணிப்பு நடத்துற காலப் நிறுவனம் சொல்லுது, அப்ப ஒரு ஆள் போனா உங்களுக்கு 2ல இருந்து 8 வரைக்கும் நஷ்டம். அந்த ரெண்டு மணி நேரத்தால வருஷத்துக்கு ஒரே ஒரு நல்ல ஆள் போகாம நின்னாருன்னா பெரும்பாலும் செலவு திரும்பி வந்துடும், ரெண்டு பேர் நின்னா சந்தேகமே வேண்டாம். அப்புறம் அந்த 90 மணி நேரத்துல அவங்க வேலை எவ்வளவு மேம்பட்டுதுங்குறத நான் இன்னும் கணக்குலயே சேக்கல.

'எல்லாரும் 95 சதவீதம் பில்லபிளா இருக்காங்க'ன்னு பெருமையா சொல்ற ஓனர்ங்ககிட்ட நான் எப்பவும் சொல்றது ஒண்ணு, அது ஆபத்தான நம்பர். பில்லபிள்னா கிளையன்ட்கிட்ட காசு வாங்குற வேலைல போற நேரம். க்யூ தியரின்னு ஒண்ணு இருக்கு, பேங்க் கவுன்ட்டர்ல ஒருத்தர் எப்ப வருவாருன்னு தெரியாம வந்துக்கிட்டே இருக்குறாங்கல்ல அந்த மாதிரி வேலைங்கள கணக்குப் போட்டுப் பாக்குறது. அதுல ரொம்ப எளிமையான மாடல் எடுத்தாலே, ஒரு ஆள் 80 சதவீதம் பிசியா இருந்தா புதுசா வர்ற வேலை சராசரியா நாலு வேலை முடியுற நேரம் காத்திருக்கணும், 95 சதவீதம் பிசின்னா பத்தொன்பது வேலை முடியுற நேரம். பிசியா இருக்குறது 15 சதவீதம்தான் கூடுச்சு, காத்திருக்குற நேரம் கிட்டத்தட்ட அஞ்சு மடங்கு ஆயிடுச்சு. கிளையன்ட் 'ஒரு சின்ன மாத்தம்தானே, ஏன் நாலு நாளாகுது'ன்னு கேக்குறதுக்குக் காரணம் உங்க பசங்க சோம்பேறியா இருக்குறது இல்ல, எல்லாரும் விளிம்பு வரைக்கும் நெறஞ்சு இருக்காங்க. டீம் மொத்தமா 75ல இருந்து 80க்குள்ள இருக்கணும், சீனியர்ங்க இன்னும் கம்மியா, 60 பக்கம் இருந்தாலும் தப்பில்ல, ஏன்னா மீதி நேரத்துலதான் அவங்க மத்தவங்கள உருவாக்கப் போறாங்க. இத விலைலயே சேத்துடணும், அதாவது கொட்டேஷன் போடுறப்பவே ஒரு ஆளுக்கு 1800 மணி நேரம் விக்க முடியும்னு போடாம 1400ன்னு வெச்சுப் போடுங்க. கிளையன்ட்கிட்ட இத மறைக்க வேண்டியதில்ல, உங்க வேலைய செய்யுற ஆளு மூணு வருஷம் மாறாம இருப்பாருன்னு சொன்னா நல்ல கிளையன்ட் அதுக்குக் காசு கொடுப்பாரு, வருஷத்துக்கு மூணு தடவ புது ஆளுக்கு தன்னோட பிசினஸ விளக்கி அலுத்துப் போனவருதான் அவரும்.

அந்த ரெண்டு மணி நேரத்துல என்ன செய்யுறதுங்குறதுதான் அடுத்த கேள்வி, இங்கதான் பாதி பேர் ஆன்லைன் கோர்ஸ் சப்ஸ்கிரிப்ஷன் வாங்கிக் கொடுத்துட்டு கடமை முடிஞ்சுதுன்னு இருந்துடுறாங்க. கோர்ஸ் தப்புன்னு சொல்லல, டூல் கத்துக்க நல்லதுதான். ஆனா ஏஜென்சி வேலைல உண்மையான விஷயம் டூல் இல்ல, முடிவெடுக்குறது, அது பக்கத்துல உக்காந்துதான் வரும். ஒரு ஏஜென்சில கூட உக்காந்து பாத்தத அப்படியே சொல்றேன். மாச ரிப்போர்ட் அனுப்புறதுக்கு முன்னாடி ஒரு ஜூனியர் பையன் சீனியர்கிட்ட காட்ட வந்தான். க்ளிக் ரேட்னா விளம்பரத்தப் பாத்தவங்கள்ல எத்தன சதவீதம் பேர் க்ளிக் பண்ணாங்கங்குறது.

"க்ளிக் ரேட் 1.2ல இருந்து 1.9 ஆயிருக்கு அக்கா, நல்லாதானே இருக்கு?"

"நல்லாருக்கு. ஃபார்ம் எத்தன பேர் ஃபில் பண்ணாங்க?"

"அது கொறஞ்சிருக்கு."

"ஏன்?"

"தெரியல அக்கா, லேண்டிங் பேஜ் ஸ்லோவா இருக்கலாம்."

"இருக்கலாமா? பாரு."

பாத்தான், விளம்பரத்த க்ளிக் பண்ணா தெறக்குற அந்தப் பேஜோட வேகம் மாறவே இல்ல. அவங்க மௌஸத் தொடல, "அப்ப இந்த மாசம் மாறினது வேற என்ன?"ன்னு மட்டும் கேட்டாங்க. அவன் ஒவ்வொண்ணா தேடி மாசத்து நடுவுல விளம்பரத் தலைப்ப மாத்துனதக் கண்டுபுடிச்சான், புதுத் தலைப்புல 'இலவசமா பயன்படுத்துங்க'ன்னு இருந்துச்சு, உள்ள போனா ஃபார்ம்ல கார்டு நம்பர் கேக்குது. இலவசம்னு பாத்து வந்தவங்க எல்லாம் கார்டுன்னதும் திரும்பிப் போயிட்டாங்க, க்ளிக் ஏறுது, ஆள் வரல, அந்த ஒவ்வொரு க்ளிக்குக்கும் கிளையன்ட் காசு போகுது. "இத கிளையன்ட்டுக்கு எப்படிச் சொல்லுவ?"ன்னு கேட்டு அங்கயே எழுத வெச்சாங்க, முதல்ல ஒரு பக்கம் எழுதுனான், ரெண்டாவது அத மூணு வரியா சுருக்குனான்: என்ன ஆச்சு, ஏன் ஆச்சு, இந்த வாரம் என்ன மாத்தப் போறோம். அந்த அக்கா தனியா செஞ்சிருந்தா அஞ்சு நிமிஷம், அவன வெச்சு செஞ்சதால கிட்டத்தட்ட ஒரு மணி நேரம். யார் எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் போட்டாங்கன்னு எழுதுற டைம்ஷீட்ல அந்த ஒரு மணி நேரத்துக்கு எந்தக் கிளையன்ட் பேரும் கிடையாது. அடுத்த மாசம் அதே மாதிரி ஒரு விஷயத்த அவன் முதல் வாரத்துலயே புடிச்சு, ரிப்போர்ட் வரைக்கும் காத்திருக்காம அவனே சொல்லிட்டான்.

நான் சொல்ற முதலீடு இந்த ஒரு மணி நேரம்தான். இது நடக்கணும்னா அந்த அக்காவுக்கு நேரம் இருக்கணும், 95 சதவீதம் பிசியா இருந்திருந்தா அவங்களே மாத்தி அனுப்பிட்டு 'அடுத்த தடவ கவனமா இரு'ன்னு சொல்லியிருப்பாங்க, அவனும் தலைய ஆட்டியிருப்பான், எதுவும் மாறியிருக்காது. இன்னொண்ணும் கவனிங்க, 'தெரியல அக்கா'ன்னு அவனால பயமில்லாம சொல்ல முடிஞ்சுது. ஹார்வர்ட் பேராசிரியர் ஏமி எட்மண்ட்சன் 1999ல டீம்ங்களப் பத்தி எழுதுன ஆய்வுல இதத்தான் சொன்னாங்க, தப்பு, சந்தேகம், தெரியாததெல்லாம் வெளிய சொன்னா அவமானப்பட மாட்டோம்னு நம்புற டீம்தான் அதிகமா கத்துக்குதுன்னு. கூகுள் தன்னோட டீம்ங்கள வெச்சு அரிஸ்டாட்டில்னு பேர் போட்டு ஒரு ஆய்வு செஞ்சப்பவும் நல்லா வேலை செய்யுற டீம்ங்களுக்குப் பொதுவா இருந்ததுல முதல் எடத்துல வந்தது இதேதான். விளம்பரத் தொழில்ல இது ரொம்பவே முக்கியம், பாதி வெந்த ஐடியாவ தைரியமா வெளிய சொல்றவங்க இருந்தாதான் இந்தத் தொழிலே நடக்கும்.

ஜூனியர்ங்கள விடவும் நான் முதல்ல பாக்குறது நடுவுல இருக்குறவங்களத்தான். நல்லா எழுதுற ஒருத்தர், நல்லா கிளையன்ட் பாத்துக்குற ஒருத்தர், மூணு நாலு வருஷம் ஆனதும் 'டீம் லீட்'னு பேர் மாத்தி கீழ அஞ்சு பேரக் கொடுத்துடுவோம், எப்படி நடத்தணும்னு ஒரு வார்த்தை சொல்லித் தந்திருக்க மாட்டோம். ஒரு டீம்ல ஆளுங்க ஈடுபாட்டோட இருக்காங்களா இல்லயாங்குறதுல இருக்குற வித்தியாசத்துல 70 சதவீதம் அவங்க மேனேஜராலதான் வருதுன்னு காலப் சொல்லுது, நம்பர விடுங்க, நீங்க வேலைய விட்ட எடங்கள நெனச்சுப் பாத்தாலே தெரியும். புது லீட்டுக்கு நான் கத்துக்கொடுக்கச் சொல்றது மூணே விஷயம்: ஒரு வேலைய ஒருத்தர்கிட்ட கொடுக்குறப்ப அது முடிஞ்சா எப்படி இருக்கணும்னு தெளிவா சொல்றது, வேலை நல்லா இல்லன்னா ஆளப் புண்படுத்தாம வேலையப் பத்தி மட்டும் நேரா சொல்றது, ரெண்டு வாரத்துக்கு ஒருதடவ ஒவ்வொருத்தர்கூடயும் தனியா அரை மணி நேரம் உக்காந்து பெரும்பாலும் கேக்குறது. அந்த அரை மணி நேரத்துல ப்ராஜெக்ட் ஸ்டேட்டஸ் பேசக் கூடாது. 'இப்ப செய்யுறதுல எது புடிச்சிருக்கு, எது அறுவையா இருக்கு, ஆறு மாசத்துல என்ன செய்ய ஆசை'ன்னு கேளுங்க, போறவங்க கடைசி நாள்ல சொல்றதெல்லாம் இங்க ஆறு மாசம் முன்னாடியே வந்துடும், அப்ப உங்களால ஏதாவது செய்யவும் முடியும்.

எல்லாரயும் மேனேஜராக்க வேண்டிய அவசியமும் கிடையாது. எழுதுறதுலயே, டிசைன்லயே, டேட்டாவுலயே மேல மேல போக ஒரு தனி ஏணி வேணும், சம்பளமும் மேனேஜருக்குச் சமமா ஏறணும். இல்லன்னா உங்களோட சிறந்த டிசைனர் சம்பள உயர்வுக்காக மேனேஜராகி, டிசைன் செய்யுறத நிறுத்தி, ரெண்டு பக்கமும் திருப்தி இல்லாம ஒரு நாள் ஃப்ரீலான்ஸராப் போயிடுவாரு. சம்பளத்த ஒவ்வொரு லெவலுக்கும் இதுல இருந்து இது வரைக்கும்னு எழுதி எல்லாருக்கும் தெரியுற மாதிரி வெச்சுடுங்க. சின்ன எடத்துல யாருக்கு எவ்வளவுன்னு எப்படியும் தெரிஞ்சுடும், காரணம் தெரியாம நம்பர் மட்டும் தெரிஞ்சாதான் பிரச்சனை.

இப்ப உங்க நேரான கேள்வி, கத்துக்கொடுத்தா ஓடிடுறாங்களே. ஆமா, கொஞ்சம் பேர் போவாங்க, பெரிய கம்பெனி கொடுக்குற சம்பளத்த உங்களால எப்பவும் கொடுக்க முடியாது. ஆனா ஒருத்தர் ரெண்டு வருஷத்துல போறதுக்கும் நாலு வருஷத்துல போறதுக்கும் பெரிய வித்தியாசம் இருக்கு, முதல் வருஷம் உங்களுக்குச் செலவு, ரெண்டாவது வருஷம் சமம், மூணும் நாலும்தான் லாபம். அதனால 'போகாம தடுக்குறது எப்படி'ன்னு கேக்குறத விட்டுட்டு 'ரெண்ட நாலாக்குறது எப்படி'ன்னு கேளுங்க, அதுக்குப் பதில் இருக்கு. சம்பளத்துக்கு அடுத்து ஆளுங்க போறதுக்கு நான் பாக்குற பெரிய காரணம், செஞ்ச வேலையவே திரும்பத் திரும்பச் செய்யுறது, ரெண்டாவது வருஷக் கடைசில கத்துக்க ஒண்ணும் இல்லன்னு தோணுறது. பதினாலு பேர் இருக்குற எடத்துல நீங்க கொடுக்க முடிஞ்சது, பெரிய எடத்துல கெடைக்காதது, ஒரு இருபத்தி நாலு வயசு பொண்ணு கிளையன்ட் கம்பெனியோட தலைவர் முன்னாடி நின்னு தன்னோட ஐடியாவத் தானே பேசலாம். அத நீங்களே பேசிடாதீங்க. பாண்ட் எழுதி வாங்குறது, சர்டிஃபிகேட்ட புடிச்சு வெச்சுக்குறது, இந்த வேலையெல்லாம் வேண்டவே வேண்டாம், மனசு இல்லாம உக்காந்திருக்குற ஆளால யாருக்கும் பிரயோஜனம் இல்ல, அதுவும் இல்லாம அது மனுஷங்கள நடத்துற விதமே கிடையாது. நல்லபடியா அனுப்பி வெச்ச ஆள் நாளைக்கு ஒரு கம்பெனில மார்க்கெட்டிங் ஹெட்டா உக்காந்து 'எனக்கு ஒரு ஏஜென்சி தெரியும்'னு உங்க பேரச் சொல்லுவாரு, நல்லா நடக்குற பல சின்ன ஏஜென்சிங்களுக்கு, மத்த ஏஜென்சிங்களோட போட்டி போட்டு ஐடியா காட்டுற பிட்ச்சுக்குப் போகாமலே வேலை வர்ற வழி இதுதான். சில பேர் அங்க போய் பாத்துட்டு திரும்பியும் வருவாங்க, அப்ப கதவத் தெறந்து வைங்க.

லாபத்துல பங்கு கொடுக்குறதப் பத்தி நெறய பேர் கேக்குறாங்க. 1995ல ஆம்னிகாம் ஷயட் டேங்குற ஏஜென்சிய வாங்குனப்ப அதோட லண்டன் ஆஃபீஸ்ல இருந்தவங்க கூடப் போகாம தாங்களே வாங்கி செயின்ட் லூக்ஸ்னு ஆரம்பிச்சு எல்லா ஊழியருக்கும் ஷேர் கொடுத்தாங்க, பிரிட்டன்ல 2014ல இருந்து ஊழியர்ங்க சார்புல ஒரு டிரஸ்ட்டே கம்பெனியோட பெரும்பங்க வெச்சுக்குறதுக்கு தனி வரிச்சலுகை வந்தப்புறம் இந்த வழிய எடுத்த ஏஜென்சிங்க நெறய. உங்க அளவுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம், வருஷ லாபத்துல ஒரு பங்கு எல்லாருக்கும்னு முன்கூட்டியே ஃபார்முலா எழுதி வெச்சுட்டு, மூணு மாசத்துக்கு ஒருதடவ வருமானம், செலவு, லாபத்த டீமுக்குக் காட்டுனா போதும். காட்டாம போனஸ் கொடுத்தா அது மொதலாளியோட மனசப் பொறுத்த தர்மமாத்தான் தெரியும்.

கஷ்டமான விஷயம் ஒண்ணு இருக்கு, கிளையன்ட்கிட்ட இருந்து ஆளுங்களக் காப்பாத்துறது. ஜப்பான்ல டென்ட்சு ஏஜென்சில 1951ல அப்ப இருந்த தலைவர் எழுதுன பத்து விதிங்க இருந்துச்சு, எடுத்த வேலைய 'கொன்னாலும் விடாதே'ன்னு அதுல ஒண்ணு, அது பல வருஷமா ஊழியர்ங்களோட டைரிலயே அச்சாகி வந்துச்சு. 2015 டிசம்பர்ல அங்க வேலை செஞ்ச 24 வயசுப் பொண்ணு ஒருத்தங்க உயிர விட்டாங்க, அளவுக்கு மீறுன ஓவர்டைம்தான் காரணம்னு அரசாங்கமே ஏத்துக்கிச்சு, தலைவர் பதவி விலகுனாரு, 2017ல கோர்ட் அபராதம் போட்டுச்சு, அந்த விதிங்களயும் எடுத்துட்டாங்க. ராத்திரி பதினோரு மணிக்கு 'காலைல வேணும்'னு மெசேஜ் போடுற கிளையன்ட்டப் பாக்குறப்ப எனக்கு இதுதான் ஞாபகம் வரும். பொறுமையாப் பேசுங்க, கான்ட்ராக்ட்ல நேரம் எழுதுங்க, அவசர வேலைக்குத் தனி ரேட் போடுங்க, அப்பயும் மாறலன்னா விட்டுடுங்க. ஆனா விடணும்னா விடக்கூடிய நெலமைல நீங்க இருக்கணும், மொத்த வருமானத்துல 40 சதவீதம் ஒரே கிளையன்ட்டா இருந்தா அவரு சொல்றதுதான் உங்க ஹெச்ஆர் பாலிசி. எந்த ஒரு கிளையன்ட்டும் 25 சதவீதத்தத் தாண்டாம பாத்துக்குறது, மூணு மாசச் சம்பளத்த பேங்க்ல தனியா வெச்சுக்குறது, இது ரெண்டயும் நான் ஆளுங்க மேல போடுற முதலீடாத்தான் எழுதுவேன். பெரிய கிளையன்ட் ஒருத்தர் திடீர்னு போயிட்டா பெரிய குரூப்ல அந்த டீமே போயிடும், உங்களால மூணு மாசம் தாங்கிப் புடிச்சு புது வேலை தேட முடியும், அப்படி ஒருதடவ தாங்கிப் புடிச்ச ஏஜென்சிய ஆளுங்க லேசுல விட்டுப் போறதில்ல.

ஏஐ வந்ததுல ஜூனியர்ங்க நெலமைதான் எனக்கு ரொம்பக் கவலையா இருக்கு. பேனர் சைஸ் மாத்துறது, கீவேர்ட் லிஸ்ட் எடுக்குறது, முதல் ட்ராஃப்ட் எழுதுறது, இதெல்லாம் செஞ்சு செஞ்சுதான் ஒரு தலைமுறையே கத்துக்கிச்சு, இப்ப அத மெஷின் செய்யுது, அதனால 'ஜூனியர் எதுக்கு'ன்னு பல எடத்துல எடுக்குறதயே நிறுத்திட்டாங்க. அஞ்சு வருஷம் கழிச்சு சீனியர் எங்க இருந்து வருவாங்க? மெஷின் கொடுக்குற பத்துத் தலைப்புல எது நல்லாருக்கு, ஏன் மத்ததெல்லாம் நல்லா இல்லன்னு சொல்லத் தெரிஞ்ச கண்ணு வேணும்ல, அது தானா வராது. ஜூனியர எடுங்க, ஆனா வேலைய மாத்துங்க: முதல் மாசத்துல இருந்தே கிளையன்ட் மீட்டிங்ல உக்கார வைங்க, வாடிக்கையாளர்ங்ககிட்ட போய் பேச வைங்க, மெஷின் எழுதுனதத் திருத்தச் சொல்லி ஏன் திருத்துனாங்கன்னு கேளுங்க, முதல் ட்ராஃப்ட் மட்டும் வாரத்துக்கு ஒண்ணாவது சொந்தக் கையால எழுதச் சொல்லுங்க. இதோட விலை போடுற முறையும் மாறியாகணும். மணிக்கணக்குல பில் போட்டா, வேகமா செஞ்சதுக்கு உங்களுக்கு நீங்களே சம்பளம் கொறச்சுக்குற மாதிரி ஆயிடும், பத்து மணி நேர வேலை நாலு மணி நேரம் ஆனா வருமானமும் நாலு ஆயிடுதே. வேலைக்கு இவ்வளவுன்னு விலை போடுங்க, மிச்சம் ஆன ஆறு மணி நேரத்துல மூணு லாபத்துக்கும் மூணு ஆளுங்க கத்துக்குறதுக்கும்னு பிரிச்சுடுங்க. மொத்தத்தயும் கிளையன்ட்டுக்குத் தள்ளுபடியா கொடுத்துட்டா அடுத்த வருஷம் அவரு இன்னும் கேப்பாரு.

ஆஃபீஸ் அலங்காரம் பத்தி சுருக்கமா. மேல சொன்ன அதே ஷயட் டே 1994 வாக்குல அமெரிக்காவுல தன்னோட ஆஃபீஸ்ல யாருக்கும் சொந்த டெஸ்க்கே கிடையாது, காலைல வந்து போனும் லேப்டாப்பும் வாங்கிட்டு எங்க வேணா உக்காருங்கன்னு செஞ்சாங்க, கட்டடத்தப் பத்தி உலகமே பேசுச்சு, உள்ள இருந்தவங்க பேப்பர வைக்க எடமில்லாம கார் டிக்கில வெச்சுக்கிட்டு அலைஞ்சாங்க. சில வருஷத்துல அத விட்டுட்டாங்க. நல்ல சேர், நல்ல வெளிச்சம், சத்தமில்லாம உக்காந்து எழுத ஒரு எடம், அவ்வளவு போதும்.

எங்க ஆரம்பிக்கிறதுன்னு கேட்டீங்கன்னா, போன மூணு மாச டைம்ஷீட்ட எடுத்து ஒவ்வொரு ஆளுக்கும் யூடிலைசேஷன், அதாவது நேரத்துல எத்தன சதவீதம் கிளையன்ட் வேலைக்குப் போகுதுன்னு பாருங்க, 85க்கு மேல யாராவது இருந்தா அவங்ககிட்ட இருந்து ஒரு வேலைய எடுத்துடுங்க, அதுதான் முதல் செலவு, அத ஃப்ரீலான்ஸர்கிட்ட கொடுக்க வேண்டி வந்தாலும் கொடுங்க. அடுத்து, டீம் லீட் எத்தன பேர் இருக்காங்களோ அவங்கள வாரத்துக்கு ஒரு மணி நேரம் நீங்களே கூட உக்கார வெச்சு, அந்த வாரம் அவங்க ஆளுங்ககூட பேசுனதுல கஷ்டமா இருந்த ஒரு பேச்ச எடுத்துப் பேசுங்க. அந்த ஒரு மணி நேரத்த காலண்டர்ல போட்டு, கிளையன்ட் மீட்டிங் வந்தாலும் நகத்தாதீங்க. ஆறு மாசம் இத மட்டும் செஞ்சுட்டு, அப்புறமா ட்ரெயினிங் பட்ஜெட் பத்தி யோசிக்கலாம்.